கொட்டாவி என்கிற நாலாவது இறக்கம்

எங்கள் கிளையில் விழாதவனுக்குப் பெயர் கிடையாது.

கிளை என்றால் ஆற்றின் கிளை. பெரிய ஆறு கீழே கலங்கலாக, அகலமாக, யாரையும் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டிருக்கும். எங்கள் கிளை மலைக்குப் பின்னாலிருந்து இறங்கி, பாறைக்குப் பாறை முட்டி, எங்கள் கொட்டகையைத் தாண்டி ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, கடைசியில் அதில் போய்ச் சேரும். சேருகிற இடத்தில் பச்சைத் தண்ணீரும் பழுப்புத் தண்ணீரும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கம் பக்கமாக ஓடும், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி கடைத்தெருவுக்குப் போவதுபோல. அதைப் படம் பிடிக்கவே ஆட்கள் வருகிறார்கள். அரசாங்க வரைபடத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, வாயில் நுழையாது. நாங்கள் கிளை என்போம், அவ்வளவுதான்.

இதில் ரப்பர் படகு விடுவது எங்கள் பிழைப்பு. ஜனங்களைக் கொட்டகைக்கு முன்னால் ஏற்றி, இறக்கங்களில் நன்றாகக் குலுக்கி, ஆற்றில் சேருகிற இடத்தில் இறக்கிவிடுவோம். இறக்கம் என்றால் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தடதடவென்று விழுகிற இடம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு பெயர் உண்டு. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததல்ல. படகோட்டிகளில் எவன் அங்கே முதலில் தண்ணீரில் விழுந்தானோ அவன் பட்டப்பெயர்தான் அந்த இறக்கத்துக்கு. வழுக்கை, மாப்பிள்ளை, கணக்கு வாத்தியார் எல்லாம் அப்படி வந்தவை. மாப்பிள்ளை கல்யாணம் முடிந்த கையோடு விழுந்தான். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, இறக்கம் மட்டும் இன்னும் மாப்பிள்ளையாகவே இருக்கிறது. படகு அங்கே போகும்போது படகோட்டி அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினால்தான் உட்கார்ந்திருக்கிறவர்கள் கயிற்றைப் பிடிப்பார்கள். எவனும் கத்தாத பெயர் நாலு மழைக்கு மேல் நிற்காது.

என் தம்பிதான் படகோட்டிகளில் மூத்தவன். பட்டப்பெயர் ஆணி. படகில் அறைந்துவைத்த மாதிரி உட்கார்ந்திருப்பான், ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதனால் கிளை முழுக்கத் தேடினாலும் அவன் பெயரில் ஓர் இடம் கிடையாது. வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். உள்ளுக்குள் அவனுக்கு வயிற்றெரிச்சல் என்பது அக்காவான எனக்குத் தெரியாதா?

நாலாவது இறக்கம் என் மகனுடையது.

அவன் ஒரு தூங்குமூஞ்சி. பெற்றவளே சொல்கிறேன். அடுக்கி வைத்த லைஃப் ஜாக்கெட்டுகள் மேல் தூங்குவான், வேனில் சாய்ந்து தூங்குவான், தட்டில் கையை வைத்துக்கொண்டே தூங்குவான். விழித்திருக்கும் நேரமெல்லாம் கொட்டாவி. அவன் விட்டால் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் வரும், அப்படியே கொட்டகை முழுக்கப் பரவும். கொட்டாவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். துடுப்புப் பிடித்த புதிதில் ஒருநாள், நாலாவது இறக்கத்துக்கு முன்னால் ஜனங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கோ..." என்று ஆரம்பித்தவன் பாதியில் வாயைப் பிளந்திருக்கிறான். படகு இறங்கிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்டு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், சொன்னவன் மட்டும் பறந்தான். மேலே வரும்போதும் வாய் திறந்தேதான் இருந்ததாம்.

அன்றையிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. படகோட்டி "கொட்டாவீ!" என்று கத்தியதும் படகில் எல்லோரும் வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு இறங்க வேண்டும். யார் வாய்க்குள் தண்ணீர் போகிறதோ அவர்களுக்குக் கைதட்டல். கோட்டு சூட்டு போட்டு வேலைக்குப் போகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இறங்குவார்கள். கிளை குன்றைச் சுற்றி வளைவதால் நாலாவது இறக்கம் எங்கள் கொட்டகைக்கு நேர் பின்னால் வரும். நடுவில் குன்று மறைப்பதால் பார்க்க முடியாது. ஆனால் கத்துவது கேட்கும். நாள் பூராவும் என் பிள்ளையின் பெயர் குன்றைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும்.

அவன் போனது தண்ணீரில் இல்லை. கோடையில், மலைச் சாலை வளைவில், பைக்கில் ரொட்டி வாங்கிக்கொண்டு வரும்போது ஒரு லாரி. இங்கே வருகிறவர்கள் எப்படியோ காதில் வாங்கிக்கொண்டு, "இந்தத் தண்ணியிலதானாம்மா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளை அவனை ஒன்றும் செய்யவில்லை. தள்ளிவிட்டது, சிரிக்க வைத்தது, திருப்பிக் கொடுத்தது. ரோடுதான் எடுத்துக்கொண்டது.

அப்புறம் மழை வந்தது. கிளை பெருக்கெடுத்து ஓட, படகுகளைக் கவிழ்த்து வைத்தோம். மழை விட்டு மறுபடி ஆரம்பித்த அன்று நான் தொட்டியில் ஜாக்கெட்டுகளை அலசிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். கிட்டத்தில் "வழுக்கை!" கேட்டது. பிறகு குன்றுக்குப் பின்னாலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த படகுக்கும் கேட்கவில்லை. சாயங்காலம் பையன்கள் திரும்பி வந்து, "நாலாவதுல ஒரு மாமா செருப்ப விட்டுட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாவம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் காதில் விழ வேண்டாம் என்று தங்களுக்குள் பேசி வைத்திருப்பார்கள். என்ன ஒரு பெரிய மனசு! பிள்ளையைத்தான் கொடுத்தாயிற்று, பெயரையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். சண்டை போட வேண்டும் என்று தினமும் எழுந்திருப்பேன், போடத் தெம்பிருக்காது.

அலுப்பு என்றால் எப்பேர்ப்பட்ட அலுப்பு. காலையில் ஜாக்கெட்டுகளை எடுத்து வார் பார்க்க வேண்டும், பூட்டு பார்க்க வேண்டும். வருகிறவர்களுக்கு மாட்டிவிட வேண்டும். ஒருவர் விடாமல் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். "மூச்ச விடுங்க சார். இங்க உள்ள இழுத்த வயிறு தண்ணியில வெளிய வந்துடும், அப்புறம் ஜாக்கெட் தனியாப் போகும் நீங்க தனியாப் போவீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் அலசித் தலைகீழாகக் காயப்போட வேண்டும். எலும்பு வரைக்கும் வலிக்கும். ஆனால் படுத்தால் தூக்கம் வராது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், அது தலையைக் கனக்க வைத்ததே தவிர கண்ணை மூடவில்லை. அவன் போனதிலிருந்து எனக்கு ஒரு கொட்டாவிகூட வந்ததில்லை. அத்தனையையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான் போலிருக்கிறது என்று இவரிடம் ஒருநாள் சொன்னேன். இவர் வேனைத் துடைக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு எதற்கும் வேனைத் துடைப்பதுதான் பதில்.

இப்படி இருக்கும்போதுதான் வரைபடக்காரப் பெண் வந்தாள். சுற்றுலாத் துறையிலிருந்து. கரை நெடுகப் பலகை வைக்கப் போகிறார்களாம், எங்கே குளிக்கலாம், எங்கே இறங்கக்கூடாது, எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று. சின்னப் பெண்தான், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. இந்த மாசம் பூரா ஓடை ஓடையாக அலைவதாகச் சொன்னாள். ஹெல்மெட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் படத்தை விரித்தாள். ஆணி பக்கத்தில் நின்று கிளையை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிக்கொண்டு வந்தான்.

"இது வழுக்கை மேடம். இங்க வளையுது பாருங்க, இது மாப்பிள்ளை. அப்புறம் கணக்கு வாத்தியார்."

அவள் சிரித்துக்கொண்டே குறித்தாள். "அடுத்தது?"

"அது நாலாவது. அதுக்குப் பேரு இல்ல மேடம். சும்மா நாலாவதுன்னே போட்டுக்கோங்க."

நான் தொட்டியில் பிழிந்துகொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டேன்.

"யாருக்குடா பேரு இல்ல?"

"அக்கா, நீ உள்ள போ. அப்புறம் பேசிக்கலாம்."

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் வாயப் பொளந்துகிட்டு இறங்கின எடம், அதுக்குப் பேரு இல்லையா? விழுந்தவன் பேருதானே வைக்கணும்? நீ விழுந்தியா அங்க? விழுந்திருந்தா ஆணின்னு எழுதச் சொல்லு, நான் ஏன்னு கேக்கல."

வரைபடக்காரப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன பேரும்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொட்டாவி. என் பையன்."

சிரிக்கப் போனவள் ஆணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. நல்ல பெண். "அவரோட முழுப் பேரு சொல்லுங்கம்மா. நினைவு இறக்கம்னு மரியாதையாப் போட்டுடலாம்" என்றாள்.

"அந்தப் பேரால யாரும்மா அவனக் கூப்பிட்டா? பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க. கடைசியா ஆஸ்பத்திரில ஒரு சீட்டுல எழுதிக் கட்டினாங்க. நானே கூப்பிட்டதில்ல. அதப் போட்டா அது எவனோ ஒருத்தன்."

பலகையில் ஏறிவிட்டால் முடிந்தது கதை. நாளைக்குத் துடுப்புப் பிடிக்க வருகிற பையன்கள் அதைப் பார்த்துத்தான் கத்துவார்கள். என் பிள்ளை வெறும் நம்பராகிவிடுவான், அல்லது எவனோ பெரிய மனுஷனாகிவிடுவான். இரண்டுமே அவன் இல்லை. அவனுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு சத்தம்தான். அதையும் விட்டுவிட்டால் நான் எதற்காக இங்கே நின்று ஜாக்கெட் துவைக்கிறேன்?

"மேடம் படகுல போயி எடத்தப் பாக்கப் போறாங்கல்ல? நானும் வரேன். உங்களுக்குத்தான் வாய் வரல, அங்க வந்ததும் நானே கத்தறேன்" என்றேன்.

ஆணிக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. கொட்டகையில் ஆள் வேண்டும் என்பது ஒன்று, ஊஞ்சலில் உட்கார்ந்தாலே எனக்குத் தலை சுற்றும் என்பது இன்னொன்று. "வேணாங்க்கா. உனக்கு ஒத்துக்காது" என்றான். "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்று இவரிடம் முறையிட்டான்.

"நான் சொல்லி அவ என்னிக்குக் கேட்டா?" என்றார் இவர். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "கீழ வேனோட நிக்கிறேன். பாத்துப் போ" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டது தம்பிதான். "அக்கா, மூச்ச விடு" என்றான். பார்த்தால் நானும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

முதல் இறக்கத்திலேயே உயிர் போய் உயிர் வந்தது. ஆணி "வழுக்கை!" என்று கத்தினான், படகு மூக்கை நட்டுக்கொண்டு இறங்கியது, என் வயிறு அங்கேயே மேலே நின்றுவிட்டது. தண்ணீர் அப்படி ஒரு குளிர். மாப்பிள்ளையில் வரைபடக்காரப் பெண் என் கையைப் பிடித்தாளா, நான் அவள் கையைப் பிடித்தேனா தெரியாது. கணக்கு வாத்தியாரில் கண்ணை மூடிக்கொண்டேன். அது கடந்ததும் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்தது, வளைவு வந்தது. இனி அவனுடையதுதான். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவன் விழுந்த மாதிரியே வாயைத் திறந்துகொண்டு இறங்குவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

வளைவு திரும்பியது. படகு மெல்ல மெல்ல வேகம் குறைந்து, நின்றே போயிற்று.

சுற்றிலும் கண்ணாடி மாதிரி பச்சைத் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. ஒரு சத்தம் இல்லை. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"எங்கடா?" என்றேன்.

ஆணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். "இதுதாங்க்கா."

"விளையாடறியா?"

"மழையில மேல மலை சரிஞ்சுது. நடுவுல நின்ன அந்தப் பெரிய பாறை உருண்டு கீழ போயி குறுக்க உக்காந்துகிச்சு. தண்ணி தேங்கிடுச்சு. இறக்கம் போயிடுச்சுக்கா. இங்க இப்ப விழறதுக்கு ஒண்ணுமில்ல. என்னன்னு கத்தறது?"

"இத்தன மாசமா சொல்லலையேடா."

"எப்படிக்கா சொல்லுவேன்?" அவன் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினான். "அவன்தான் போயிட்டான். அவன் விழுந்த எடமும் போயிடுச்சுன்னு நானே வந்து உங்கிட்ட சொல்லணுமா? பசங்ககிட்ட, யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். நீ திட்டினாலும் பரவால்ல, அந்தப் பக்கம் இறக்கம் இருக்குன்னே நினைச்சுகிட்டு இரேன்னு விட்டுட்டேன்."

அவனைக் கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை எழும்பவில்லை. இத்தனை மாதம் மனசுக்குள் எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் சண்டைக்காரன் என்று எதிரில் யாரும் இல்லை. ஒரு மழை, ஒரு பாறை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. பிடித்திருந்த கயிறு தானாகக் கையிலிருந்து நழுவியது.

படகு தன் பாட்டுக்கு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பாறைச் சுவரின் நிழல் பாதித் தண்ணீரிலும் வெயில் பாதித் தண்ணீரிலும் கிடந்தது. வரைபடக்காரப் பெண் ஒரு நீளக் கோலை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "கிளையில குளிக்கறதுக்குப் பாதுகாப்பா இது ஒரு எடம்தான் இருக்கு. பிள்ளைங்களக்கூட இறக்கலாம்" என்றாள். பெயர் என்ன போடுவது என்று அவள் கேட்கவில்லை.

இந்த இடம் அவனுக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். படகை நடுவில் விட்டு, ஹெல்மெட்டை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மல்லாந்திருப்பான். ஜனங்கள் கரையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருப்பார்கள். நான் போய்த்தான் திட்டி எழுப்பியிருக்க வேண்டும். நினைத்ததும் சிரிப்பு வந்தது. படகு விளிம்பின் உப்பிய ரப்பரில் தலையைச் சாய்த்தேன். வெயிலில் அது இளஞ்சூடாக இருந்தது.

அப்போது எங்கிருந்தோ அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தாடை வலிக்க, காது அடைக்க, கண்ணில் நீர் முட்ட ஒன்று வந்தது. என்னவென்று எனக்கே முதலில் புரியவில்லை, அவ்வளவு நாளாகிவிட்டது. வாயை மூடும்போது வரைபடக்காரப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வந்துவிட்டது. அவளைப் பார்த்து ஆணிக்கு. அவன் வாய் திறக்கத் திறக்க, அவன் முகம் கோணிக்கொண்டு போனது. கொட்டாவியாக ஆரம்பித்தது அழுகையாக முடிந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான் என் தம்பி. ஆஸ்பத்திரியில்கூட அழாதவன். நான் கையை நீட்டி அவன் காலைத் தொட்டேன், அதுவரைக்கும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

மிச்சம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் அப்படியே தூங்கிவிட்டேனாம், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. என்னை எழுப்ப வேண்டாம் என்று வரைபடக்காரப் பெண் சைகை காட்டினாளாம். ஆணி பாறை ஓரமாக இருந்த சின்ன வழியில் படகை நுழைத்து, மீதி இறக்கங்களில் ஒரு பெயரையும் கத்தாமல், ஓரத்துத் தண்ணீரிலேயே தடவித் தடவிக் கொண்டுபோயிருக்கிறான். முகத்தில் தண்ணீர் தெறித்தும் நான் அசையவில்லையாம்.

கீழே, பச்சையும் பழுப்பும் சேருகிற இடத்தில் இவர் வேனைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். படகு வளைவு திரும்பியதும் பார்த்திருக்கிறார். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் கிடக்கிறேன், தலை ஒரு பக்கம் தொங்குகிறது. துணியைப் போட்டுவிட்டுச் செருப்புக் காலோடு தண்ணீரில் ஓடி வந்திருக்கிறார் மனுஷன். இடுப்பளவு தண்ணீர். இவருக்கு நீச்சல் தெரியாது. கத்தவும் வாய் வரவில்லையாம். கோடையில் ஒருநாள் போன் வந்தபோது எந்த முகத்தோடு நின்றாரோ அதே முகம் என்றான் தம்பி.

அதைப் பார்த்துப் பயந்துபோய், ஒன்றும் யோசிக்காமல், ஆணி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தியிருக்கிறான். "ஒண்ணுமில்ல மாமா! அக்கா கொட்டாவில தூங்கிட்டா!"

இவர் அப்படியே நின்றுவிட்டாராம். படகு கிட்டே வந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு, "எங்கன்னு சொன்னே?" என்று கேட்டாராம்.

"கொட்டாவில, மாமா."

கயிற்றைக் கரைக்கு இழுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார், நான் தூங்கி எழும்வரை, ஈர வேட்டியோடு. நடுநடுவே, எங்கே தூங்கினாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஆணியும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.